எட்டு செகண்ட்

எங்கள் அபார்ட்மென்ட்டில் லிஃப்ட் நின்றுபோனால் செக்ரெட்டரியைக் கூப்பிடுவார்கள். மோட்டார் ஓடாவிட்டால் வாட்ச்மேனை. கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் என்னை.

நான் படித்தது பி.காம். டெபிட் எந்தப் பக்கம், கிரெடிட் எந்தப் பக்கம் என்று கேட்டால் சொல்வேன் (கொஞ்சம் யோசித்துவிட்டு). கம்ப்யூட்டருக்கும் எனக்கும் உள்ள பந்தம், தினமும் அதில் தமிழ் டைப் அடித்துப் பிழைக்கிறேன் என்பதோடு சரி. தினமும் பஸ்ஸில் போகிறான் என்பதற்காக ஒருத்தனை என்ஜின் ரிப்பேருக்குக் கூப்பிடுவார்களா? கூப்பிடுகிறார்கள். ‘பத்திரிகைல இருக்காரு, அவருக்குத் தெரியாததா!’ என்று எப்போதோ பொதுக்குழு கூட்டித் தீர்மானம் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

இந்த இருபது வருஷ கௌரவ உத்தியோகத்தில் நான் கண்டது ஒன்றுதான். என்னிடம் வந்த கேஸ்களில் முக்கால்வாசியில் மெஷின் கெட்டுப்போகவே இல்லை. யாரோ ஒருத்தர், எப்போதோ, எதையோ மாற்றி வைத்திருப்பார். மெஷின் பாவம், சொன்ன பேச்சைத் தட்டாமல் கேட்டுக்கொண்டிருக்கும்.

பல வருஷம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது மாடியில் இருந்து அழைப்பு. போனால், ஹாலில் மானிட்டரைத் தலைகீழாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அது விழாமல் இருக்க ஒரு பக்கம் டெலிபோன் டைரக்டரி, இன்னொரு பக்கம் பாம்புப் பஞ்சாங்கம்.

“ஸ்க்ரீன் தலைகீழா தெரியுது தம்பி. மூணு நாளா இப்படித்தான் வச்சு சமாளிக்கிறோம்” என்றார் அந்த வீட்டு அம்மா. அவருடைய பேரன் ஒரு மூலையில் உட்கார்ந்து, இந்த உலகத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி அம்புலிமாமா படித்துக்கொண்டிருந்தான். பயல் கன்ட்ரோல், ஆல்ட், கீழ் அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தியிருக்கிறான். பழைய இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவர்களில் அப்படி ஒரு குறுக்குவழி உண்டு. கீழ் அம்பு அழுத்தினால் படம் தலைகீழ். மேல் அம்பு அழுத்தினால் நேர். மேல் அம்பை அழுத்தினேன். படம் நேரானது. அதாவது, மானிட்டர் தலைகீழாக இருந்ததால் இப்போதுதான் நிஜமாகவே தலைகீழாகத் தெரிந்தது. அந்த அம்மா அலறியதைக் கேட்டு எதிர் வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார்.

இன்னொரு கேஸில் இப்படிச் சிரிக்க முடியவில்லை. பாங்க்கில் மேனேஜராக இருந்து ரிட்டயரானவர். “எல்லாம் அழிஞ்சிடுச்சு. முப்பது வருஷத்து போட்டோவை ஸ்கேன் பண்ணி வச்சிருந்தேன்” என்றவரின் உதடு துடித்தது. கம்ப்யூட்டர் திரையில் கடற்கரைப் படம் மட்டும் இருக்கிறது. ஒரு ஐகான் இல்லை. காலி இடத்தில் ரைட் கிளிக், அதில் வியூ, அதில் ‘ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்’. அதில் டிக் இல்லை. வைத்தேன். முப்பது வருஷமும் ஒரு நொடியில் திரும்பி வந்தது. மனிதர் நாற்காலியில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். அவருடைய மனைவி எனக்கு முன்னால் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

எம்.ஃபில். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு வேறு அவஸ்தை. நடுவில் ஒரு வார்த்தை சேர்த்தால் அடுத்த வார்த்தையைக் கம்ப்யூட்டர் தின்றுவிடுகிறது. பழைய வேர்டில் இன்சர்ட் பட்டன் மேல் தெரியாமல் விரல் பட்டுவிட்டால் அப்படித்தான். இரண்டு நாளாகப் பாராக்களை முழுசாகத் திரும்ப அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். பட்டனைக் காட்டியதும் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அழுதுவிட்டாள்.

மற்றவர்களைச் சொல்வானேன்? விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் நான் யூனிகோட் தமிழுக்கு மாறிய புதிது. திரையில் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. ‘கொடு’ என்று அடித்தால் கொம்பு ஊருக்கு முன்னாலும் கால் ஊருக்குப் பின்னாலும் போகும் என்று எதிர்பார்ப்பவனுக்கு, எல்லாம் கூட்டமாகப் பின்னால் வந்து நின்றால் எப்படி இருக்கும்? ஃபான்ட் சரியில்லை என்று ஒரு மாதம் ஃபான்ட் மாற்றி ஃபான்ட் மாற்றிப் பார்த்தேன். கண்ட்ரோல் பேனலுக்குள், ரீஜனல் அண்ட் லாங்வேஜ் ஆப்ஷன்ஸுக்குள், ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ என்று ஒரு சின்னக் கட்டம். அதில் ஒரு டிக் வைத்து, அது கேட்ட சிடியைப் போட்டால் தீர்ந்தது விஷயம். ஒரு மாதம் ஓடி ஓடித் திட்டிய எனக்கும் தலைகீழ் மானிட்டருக்குப் பஞ்சாங்கம் முட்டுக்கொடுத்த அம்மாவுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

இப்படிப் பட்டுப் பட்டு ஒரு வைத்தியமுறை கைவந்திருக்கிறது. போனதும் கம்ப்யூட்டரைத் தொடமாட்டேன். “கடைசியா எப்ப நல்லா இருந்தது? அதுக்கப்புறம் எதைத் தொட்டீங்க?” என்று கேட்பேன்.

“ஒண்ணுமே தொடலையே சார்!”

இதுவரை ஒருவர்கூட வேறு பதில் சொன்னதில்லை. இதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுக்கு நிஜமாகவே ஞாபகம் இருக்காது. பூனைக்குட்டி கீபோர்டு மேல் நடந்தது, திடீரென்று ஏதோ ஒரு பெட்டி முளைத்து இங்கிலீஷில் கேள்வி கேட்டது, படிக்காமல் ஓகே கொடுத்தது, இதையெல்லாம் யார் டைரியில் எழுதி வைக்கிறார்கள்? ஆனால், மெஷின் எழுதி வைத்துக்கொள்கிறது.

எங்கே எழுதி வைக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், உபயோகப்படும். விண்டோஸில் ஒவ்வொரு யூசருக்கும் சி டிரைவில் தனியாக ஒரு ஃபோல்டர் உண்டு. அதற்குள் ‘என்டியூசர் டாட் டேட்’ என்று ஒரு ஃபைல் ஒளிந்திருக்கும். உங்கள் வால்பேப்பர், மவுஸ் வேகம், கீபோர்டு எப்படி நடந்துகொள்ள வேண்டும் போன்ற சமாசாரமெல்லாம் அதில்தான். வாடகை வீட்டில் குடித்தனக்காரர் ஆணி அடித்து, காலண்டர் மாட்டி, கட்டிலைக் கிழக்கே பார்த்துப் போட்டுக்கொள்கிற மாதிரி. அடுத்த போர்ஷன்காரரின் ஆணி வேறு, காலண்டர் வேறு.

ஆகவே, எனக்குப் பிடிபடாத கேஸ் என்றால் ஒரே ஒரு சோதனை செய்வேன். செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போய், புதிதாக ஒரு யூசரை உருவாக்கி, அதன் வழியாக உள்ளே போய்ப் பார்ப்பேன். அங்கேயும் அதே கோளாறு என்றால் வீட்டின் சுவரிலேயே விரிசல் இருக்கலாம், மெக்கானிக்கைக் கூப்பிடலாம். அங்கே ஒழுங்காக வேலை செய்தால் மெஷின் மேல் பழி போடாதீர்கள். ஆணி உங்களுடையது. ஐந்து நிமிஷம்கூட ஆகாத வேலை. ஒரு பைசா செலவில்லை. யாருடைய ஃபைலும் போகாது.

ஆணி சின்ன விஷயம் என்றும் நினைத்துவிட வேண்டாம். 2018 அக்டோபர் 2-ம் தேதி விண்டோஸ் 10-க்கு ஒரு பெரிய அப்டேட் வந்தது. நான்கே நாளில் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி வைத்தது. சிலருடைய டாக்குமென்ட்ஸ், போட்டோ எல்லாம் காணாமல் போயிருந்தன. யாருக்கு? டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் சி டிரைவில் இருக்க வேண்டாம், வேறு இடத்தில் இருக்கட்டும் என்று எப்போதோ செட்டிங்கில் மாற்றி வைத்து, பழைய ஃபைல்களைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டவர்களில் சிலருக்கு. அப்டேட் வந்து பார்த்தது. ஓஹோ, இந்தப் பழைய ஃபோல்டர் இனி தேவையில்லை என்று பெருக்கித் தள்ளிவிட்டது. சரி செய்து மறுபடி வெளியிட நவம்பர் 13 ஆனது. உலகத்தின் பெரிய கம்பெனியின் என்ஜினீயர்களே, ஒரு யூசர் வீட்டுக்குள் ஆணியை எங்கே அடித்திருப்பான் என்று முழுசாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, இவ்வளவு தெரிந்தவன் போலப் பேசுகிறேனே, இதில் பாதிகூட 2011-ல் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது.

அப்பா தபால் இலாகாவில் இருந்து 2008-ல் ரிட்டயரானார். நாகப்பட்டினம், வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி என்று சுற்றி வந்தவர். கிளார்க்காகச் சேர்ந்து போஸ்ட் மாஸ்டராக வெளியே வந்தார். சென்னைக்கு வந்து என்னோடு இருக்க ஆரம்பித்ததும் அவருக்குப் பொழுது போகவில்லை. ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தேன். இளவயதில் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவர். பழைய டைப்ரைட்டர் கீபோர்டு முறையிலேயே அடிக்க ஒரு ஃபான்ட்டும் போட்டுக்கொடுத்தேன். அவ்வளவுதான், மனிதருக்குப் பழைய உத்தியோகம் திரும்பக் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

தினமும் காலையில் நாலரைக்கு எழுந்து ஹாலில் உட்கார்ந்துவிடுவார். என்ன அடிக்கிறார் என்று ஒருநாள் எட்டிப் பார்த்தேன். அவருடைய உத்தியோகக் கதை. 1977 நவம்பர் புயலில் தொடங்கியிருந்தார். அப்போது தபாலும் தந்தியும் ஒரே இலாகா. அப்பா நாகையில் இருக்கிறார். கம்பமெல்லாம் சாய்ந்து, லைன் அறுந்து கிடக்கிறது. விடிந்ததும் ஆபீஸ் வாசலில் ஜனம் நிற்கிறது. எல்லாரும் வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கோ அண்ணனுக்கோ தந்தி கொடுக்க வந்தவர்கள். எல்லாத் தந்தியிலும் ஒரே விஷயம்தான்: உயிரோடு இருக்கிறோம். லைன் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்ப யாருக்கும் மனசு வரவில்லை. ஃபாரத்தை வாங்கி, வார்த்தையை எண்ணி, காசு வாங்கி, ரசீது கொடுத்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். பிறகு ஒருவர் மொத்தக் கட்டையும் மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு, மரம் விழுந்து கிடந்த ரோட்டில், லைன் உள்ள ஊர் வரும்வரை நடந்திருக்கிறார்.

அது வரைக்கும் எட்டுப் பக்கம். படித்துவிட்டு, “பிரமாதம்ப்பா. மீதியை அப்புறம் படிக்கிறேன்” என்றேன். அப்புறம் என்பது வரவே இல்லை. பத்திரிகைக்காரனுக்கு ஊரார் எழுதியதைப் படிக்கவே நேரம் போதாது.

ஒருநாள் அப்பா சொன்னார்: “கீபோர்டு சரியில்லைடா. எழுத்தே விழ மாட்டேங்குது. ஒவ்வொரு கட்டையையும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருந்தாத்தான் வருது.”

தெருமுனைக் கடையில் புதுக் கீபோர்டு வாங்கினோம், 350 ரூபாய். மாட்டினால் அதுவும் அதேபோல. ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாயிற்று. ஊஹூம். கடையில் இருந்து ஒரு பையன் வந்தான். இப்படியும் அப்படியும் தட்டிப் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்தான். நான் ஆபீஸில், இஷ்யூ முடிக்கிற நாள், தலைக்கு மேல் வேலை.

“வைரஸ் மாதிரி தெரியுது சார். ஃபார்மெட் பண்ணிடலாமா?”

“டாக்குமென்ட்ஸை டி டிரைவுக்கு காப்பி பண்ணிட்டுப் பண்ணிடுப்பா” என்றேன். அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நாலு செகண்ட்.

பையன் மேல் தப்பே கிடையாது. சொன்னபடி மை டாக்குமென்ட்ஸை காப்பி எடுத்திருக்கிறான். அதில் இருந்தது கரண்ட் பில் கணக்கும் இரண்டு கல்யாணப் பத்திரிகையும். அப்பா தன் ஃபைலை வைத்திருந்தது டெஸ்க்டாப்பில். திறந்ததும் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்று. டெஸ்க்டாப் என்பது மேஜை மாதிரி தெரிந்தாலும் அதுவும் சி டிரைவுக்குள் ஒரு ஃபோல்டர்தான். சி டிரைவோடு அதுவும் போனது. 71 பக்கம்.

பிறகு அழிந்த ஃபைலைத் தேடும் சாஃப்ட்வேர் ஒன்றை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். புது விண்டோஸ் பழைய இடத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தது. அரைப் பக்கத் துணுக்கு ஒன்று கிடைத்தது. யூனிகோட் இல்லை, அந்த ஃபான்ட்டுக்கே உரிய எழுத்து. தலையில் தொப்பியும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்தாகத் தெரிந்தது. ஃபான்ட் போட்டுப் பார்த்தால், மன்னார்குடியில் ஒரு மணியார்டரைப் பற்றிய பாதி வாக்கியம். யாருக்கு வந்தது, யார் அனுப்பியது, தெரியவில்லை.

கீபோர்டு? ஜோராக வேலை செய்தது! அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஃபார்மெட் பண்ணியதும் சரியாகிவிட்டதால், வைரஸ்தான் என்று எல்லாரும் நம்பினோம். கடைப் பையன் நம்பினான். நான் நம்பினேன். ஃபார்மெட் என்கிற வைத்தியம் பலிக்காமல் போவதே அபூர்வம். கோளாறு ஆணியில் என்றால் ஆணியும் சேர்ந்துதானே போகிறது! வீட்டையே இடித்துக் கட்டிய பிறகு எந்த ஆணி என்று எங்கே போய்த் தேடுவது? காலேஜில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டு வை, பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு என்ட்ரியாகத் தேடு என்று. லெட்ஜரையே கொளுத்திவிட்டுப் புது நோட்டு போட்டாலும் டேலி ஆகும்தான். இரண்டு பக்கமும் சைபர்!

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. “போனாப் போகுது, அதுல என்ன பெரிய இலக்கியம்” என்றார். மறுபடியும் எழுதுங்களேன் என்று இரண்டு தடவை சொன்னேன். “பார்க்கலாம்” என்றார். நாலரைக்கு எழுந்திருப்பதை மட்டும் விடவில்லை. எழுந்து சாலிட்டேர் ஆடுவார்.

2019-ல் ஒருநாள். ஆபீஸில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கட்டுரைக்கு முதல் வரி கிடைக்கவில்லை. வலது கை சுண்டுவிரல் ஷிஃப்ட் பட்டன் மேல் அப்படியே படுத்துக்கிடக்கிறது. திடீரென்று ஒரு சத்தம். திரையில் ஒரு பெட்டி. வழக்கமாகப் படிக்காமலே மூடியிருப்பேன். அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை, படித்தேன்.

ஃபில்டர் கீஸ் ஆன் பண்ணட்டுமா என்று கேட்டது. வலது ஷிஃப்ட்டை எட்டு செகண்ட் அழுத்திப் பிடித்தால் இது வரும். ஆன் ஆகிவிட்டால், சட்டென்று தட்டும் எழுத்துகளைக் கம்ப்யூட்டர் பொருட்படுத்தாது.

‘எஸ்’ கொடுத்துப் பார்த்தேன். ஒரு எழுத்தைத் தட்டினேன். விழவில்லை. ஒரு செகண்ட் அழுத்திப் பிடித்தேன். விழுந்தது.

‘ஒவ்வொரு கட்டையையும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருந்தாத்தான் வருது.’

ஏசி ரூமில் எனக்கு முதுகு வியர்த்தது. வலது ஷிஃப்ட்டை மறுபடி எட்டு செகண்ட் அழுத்தினேன். போய்விட்டது. எட்டே செகண்ட். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், கடைப் பையன் வேண்டாம், 350 ரூபாய்க் கீபோர்டு வேண்டாம். தமிழ் டைப்ரைட்டர் முறையில் பாதி எழுத்து ஷிஃப்ட்டில்தான் இருக்கிறது. வாக்கியம் யோசிக்கிறபோது அப்பாவின் விரல் வேறு எங்கே போய் உட்கார்ந்திருக்கும்? புதுக் கீபோர்டிலும் ஏன் அதே கோளாறு என்பதும் புரிந்தது. ஆணி கீபோர்டில் இல்லை, அப்பாவின் யூசர் அக்கவுன்ட்டில் இருந்தது. புதிதாக ஒரு யூசர் போட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இந்த ஃபில்டர் கீஸ் யாரைத் தொந்தரவு பண்ண வைத்திருக்கிறார்கள் என்று எரிச்சலோடு தேடினேன். கை நடுங்குகிறவர்களுக்காக. ஒரு எழுத்தைத் தட்டப்போய் பக்கத்து எழுத்தில் விரல் இடிப்பவர்கள், ஒரு தட்டு தட்டினால் மூன்று தட்டாக விழுபவர்கள் எல்லாரும் மற்றவர்களைப் போல டைப் அடிக்க வேண்டும் என்பதற்காக. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டிரேஸ் சென்டர்காரர்கள் உருவாக்கிய சமாசாரங்களில் ஒன்று. ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் வருமே ஸ்டிக்கி கீஸ், அதுவும் அவர்களுடையதே. விண்டோஸ் 95-ல் இருந்து கூடவே வருகிறது. மெனுவைத் தேடி, மவுஸைப் பிடித்து அதை ஆன் பண்ண முடியாதவர்களுக்காகத்தான் ஒரே பட்டனில் அந்த எட்டு செகண்ட் குறுக்குவழி. திட்டுவதற்கு வாயெடுத்தவன் மூடிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜம் என்னவென்றால், பயம். வைரஸ் என்று இருக்கும்வரை அது யார் தப்பும் இல்லை.

போன வருஷம் என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு ப்ராஜெக்ட். பழைய காலத் தகவல் தொடர்பு என்று தலைப்பு. இந்தியாவில் தந்தி 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. அவள் தந்தியைப் பார்த்ததே இல்லை. “தாத்தா, தந்தின்னா எஸ்எம்எஸ் மாதிரியா?” என்று கேட்டாள். அப்பா அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் லேப்டாப்பைக் கேட்டார்.

பத்து நிமிஷம் கழித்து என்னைக் கூப்பிட்டார். “கீபோர்டு போயிடுச்சு போலிருக்குடா. எழுத்து ரெண்டு ரெண்டா விழுது. கடைக்காரனைக் கூப்பிடறியா?”

கீபோர்டு போகவில்லை. அப்பாவுக்கு 76 முடிந்துவிட்டது. காபி டம்ளரை இரண்டு கையால் பிடிக்கிறார் என்பதைப் பார்த்திருக்கிறேன், கவனித்ததில்லை. விரல் மேலும் கீழும் லேசாகத் துள்ளுகிறது. ‘நாகை’ என்று அடித்த இடத்தில் மூன்று ‘நா’ நின்றது.

எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, அந்த எட்டு செகண்ட்தான்.

செட்டிங்ஸைத் திறந்து, அக்சஸிபிலிட்டியில் கீபோர்டு பகுதிக்குப் போனேன். ஃபில்டர் கீஸை ஆன் பண்ணினேன். உள்ளே சின்னச் சின்னதாகப் பல திருகாணிகள். அழுத்திப் பிடிக்க வைக்கும் ஸ்லோ கீஸை எடுத்துவிட்டு, பவுன்ஸ் கீஸை மட்டும் வைத்தேன். ஒரே எழுத்து அரை செகண்டுக்குள் இரண்டாவது தடவை வந்தால் அதை விட்டுவிடும். “இரட்டை எழுத்து வர்ற இடத்துல மட்டும் கொஞ்சம் நிதானிச்சு அடிங்கப்பா” என்றேன்.

அடித்துப் பார்த்தார். ஒரே ஒரு ‘நா’.

“அட! இது என்னடா பண்ணினே?”

அப்போதுதான் சொன்னேன். இது என்ன, எதற்காக வைத்திருக்கிறார்கள், 2011-ல் வந்தது வைரஸ் இல்லை, இதுதான், மறுபடி ஷிஃப்ட்டை அழுத்தியிருந்தால் போயிருக்கும், போனில் ஃபார்மெட் பண்ணச் சொன்னது நான், இது தெரிந்தே ஐந்து வருஷத்துக்கு மேல் சொல்லாமல் இருந்தேன், எல்லாவற்றையும் வரிசை இல்லாமல்.

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து, “ஒரு சத்தம் வந்தது, ஞாபகம் இருக்கு” என்றார். “விடியக்காலைல கிய்யி கிய்யின்னு கத்திச்சு. என்னமோ இங்கிலீஷ்ல கேட்டுது. நீ ராத்திரி இஷ்யூ முடிச்சுட்டு ரெண்டு மணிக்குத்தான் வந்து படுத்திருந்தே. முழிச்சுக்கப் போறியேன்னு சட்டுனு என்டரைத் தட்டிட்டேன்.”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

“இப்பவும் ஷிஃப்ட்டைப் பிடிச்சா கத்துமா?”

“இல்லப்பா. அந்தக் குறுக்குவழியை மட்டும் தனியா ஆஃப் பண்ணிட்டேன்.”

“ஃபைல் எங்க போய் உட்காருது?”

“டாக்குமென்ட்ஸ்ல. ஒரு காப்பி பென் டிரைவ்லயும் போட்டுடறேன்.”

தலையாட்டினார். கண்ணாடியை ஒரு தடவை துடைத்துப் போட்டுக்கொண்டார். சுண்டுவிரல் வலது ஷிஃப்ட் மேல் போய் உட்கார்ந்தது.

“சரி, கொஞ்சம் தள்ளி நில்லு. வெளிச்சத்தை மறைக்கிறே.”